படைக்குள்ளிருந்தே போரை எதிர்த்த அமெரிக்கச் சிப்பாய்கள்: அவர்களால் எப்படி அணிதிரள முடிந்தது?

கேள்வி: நூலகவாசி

அனைவருக்கும் வணக்கம். வியட்நாம் போருக்கு எழுந்த எதிர்ப்பு என்றாலே பல்கலைக்கழக மாணவர்களின் ஊர்வலங்களும் கட்டாய ஆள்சேர்ப்பு அட்டைகளைத் தீயிட்டுக் கொளுத்திய இளைஞர்களும்தாம் நம் நினைவுக்கு வருகிறார்கள். ஆனால் 1969 நவம்பர் 9ஆம் நாள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் போரை எதிர்த்து ஒரு முழுப்பக்க விளம்பரம் வெளிவந்தது என்றும், அதில் கையெழுத்திட்ட 1,365 பேரும் அன்றைக்குப் பணியில் இருந்த படைவீரர்கள் என்றும் அண்மையில் படித்தேன். அப்போதிருந்து ஒரு கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

மேலதிகாரியின் ஆணைக்குக் கீழ்ப்படிவதே முதற்கடமை என்று பயிற்றுவிக்கும் அமைப்பு அது. ஒரு சிப்பாய் எங்கே உறங்குகிறான், எப்போது வெளியே போகிறான், பெட்டியில் என்ன வைத்திருக்கிறான் என்பதெல்லாம் அதிகாரிகளுக்குத் தெரியும். நான்கு பேர் கூடிப் பேசினாலே கலகம் என்று குற்றஞ்சாட்டக்கூடிய அத்தகைய இடத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் ஒருவரையொருவர் எப்படிக் கண்டுகொண்டார்கள்? எங்கே கூடினார்கள், யார் அச்சடித்தார்கள், பிடிபட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது? இவற்றை விவரமாக அறிந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன். அந்த எதிர்ப்பால் போரின் போக்கு உண்மையிலேயே மாறியதா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில்: பொருநை

வணக்கம் நண்பரே. முதலில் வந்தவை தனிமனித மறுப்புகள். 1965 நவம்பரில் ஹென்றி ஹோவ் என்ற இளம் அதிகாரி டெக்சஸ் மாநிலத்தின் எல் பாசோ நகரில், ஓய்வு நேரத்தில், சாதாரண உடையில், ஒரு சிறிய போர் எதிர்ப்பு ஊர்வலத்தில் பதாகையோடு நடந்தார். அதற்காகவே ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். 1966 ஜூன் 30ஆம் நாள் ஃபோர்ட் ஹூட் முகாமைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜான்சன், டென்னிஸ் மோரா, டேவிட் சமாஸ் ஆகிய மூவரும் வியட்நாமுக்குப் போக மாட்டோம் என்று பத்திரிகையாளர்கள் முன்னிலையில் அறிவித்துச் சிறை சென்றார்கள். ஒரு கறுப்பினத்தவர், ஒரு போர்ட்டோ ரிக்கோ வம்சாவளியினர், ஒரு வெள்ளையர் என்று மூவரும் மூன்று பின்னணியிலிருந்து வந்தவர்கள் என்பதை அன்றே பலரும் கவனித்தார்கள். இவர்களின் துணிவில் ஐயமில்லை. ஆனால் ஒருவரையோ மூவரையோ சிறைக்கு அனுப்பிவிட்டால் மறுநாள் காலை முகாம் வழக்கம்போல் இயங்கும். எதிர்ப்பு அணியாகத் திரண்டது, கூடிப் பேசுவதற்கு முகாமின் வாசலுக்கு வெளியே ஓரிடம் கிடைத்த பிறகுதான்.

அந்த இடம் காப்பிக்கடை. தென் கரோலினாவின் கொலம்பியா நகரில், ஃபோர்ட் ஜாக்சன் முகாமுக்கு அருகில், 1968 தொடக்கத்தில் 'யூஎஃப்ஓ' என்ற பெயரில் முதல் கடை திறக்கப்பட்டது. படைமுகாம்களைச் சுற்றியிருந்த ஊர்களில் சிப்பாயிடமிருந்து சம்பளப் பணத்தைக் கறக்கும் மதுக்கடைகளும் அடகுக்கடைகளும்தாம் அதுவரை இருந்தன. தலைமுடியை ஒட்ட வெட்டிக்கொண்டு ஊருக்குள் நடக்கும் இருபது வயதுப் பையனை மதித்து உட்காரவைக்க ஓரிடம் இல்லை. இந்தக் கடையில் நல்ல காப்பி கிடைத்தது, இசைத்தட்டு பாடியது, மேசைமேல் போரைப் பற்றிய நூல்களும் ஏடுகளும் கிடந்தன. யாரும் யாரையும் கையெழுத்துப் போடும்படி நச்சரிக்கவில்லை. பக்கத்து மேசையில் இருப்பவனுக்கும் தன்னைப் போலவே ஐயம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே அங்கு வந்து போனவனுக்குக் கிடைத்த பெரிய பயன். 1968 பிப்ரவரியில் அம்முகாமின் வழிபாட்டுக்கூடத்தின் முன் ஏறத்தாழ 35 சிப்பாய்கள் சீருடையிலேயே கூடிப் போர் குறித்த தங்கள் மனக்கவலையை வழிபாடாக வெளிப்படுத்த முயன்றார்கள். மண்டியிட்டவர்களைக் காவலர்கள் இழுத்துச் சென்றார்கள். வழிபடுவதைக்கூடத் தடுக்கிறார்கள் என்ற செய்தி முகாம் முழுவதும் பரவுவதற்கு அது போதுமானதாக இருந்தது.

அதே ஆண்டில் டெக்சஸின் கிலீன் நகரில் ஃபோர்ட் ஹூட் வாசலருகே 'ஓலியோ ஸ்ட்ரட்' திறக்கப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவில் ஃபோர்ட் லூயிஸ் சிப்பாய்களுக்காக 'ஷெல்டர் ஹாஃப்' வந்தது. அதிகாரிகளும் உள்ளூர்ப் பெரியமனிதர்களும் சும்மா இருக்கவில்லை. யூஎஃப்ஓ கடை பொது அமைதிக்குக் கேடு விளைவிக்கிறது என்று வழக்குத் தொடுத்து, அதை நடத்தியவர்களுக்கு 1970இல் 6 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கும் அளவுக்குப் போனார்கள். ஒரு காப்பிக்கடை நடத்தியதற்கு ஆறாண்டு என்பதிலிருந்தே அவர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள் என்பதை உணரலாம்.

அடுத்தது ஏடுகள். போர் முடிவதற்குள் ஏறத்தாழ 300 ஏடுகள் சிப்பாய்களாலும் அவர்களுக்காகவும் வெளியிடப்பட்டன. பெரும்பாலானவை நான்கு அல்லது எட்டுப் பக்கம் கொண்டவை. தட்டச்சு செய்து, ஸ்டென்சில் வெட்டி, நகலெடுக்கும் பொறியில் ஓட்டியவை. சில இடங்களில் முகாம் அலுவலகத்தின் பொறியிலேயே, அங்கு எழுத்தராகப் பணியாற்றிய சிப்பாய்கள் இரவில் அச்சடித்தார்கள். விடிவதற்குள் கழிப்பறையிலும் படுக்கைகளின் மீதும் வைக்கப்பட்டுவிடும். வியட்நாமில் பணியாற்றித் திரும்பிய ஜெஃப் ஷார்லெட் என்பவர் சிகாகோவிலிருந்து நடத்திய 'வியட்நாம் ஜிஐ' (ஜிஐ என்பது அமெரிக்கச் சிப்பாயைக் குறிக்கும் சொல்) களத்தில் இருந்தவர்களுக்கே அஞ்சலில் போய்ச் சேர்ந்தது, அவர்கள் எழுதிய கடிதங்களையும் வெளியிட்டது. ஷார்லெட் 1969இல், 27 வயதில், புற்றுநோயால் இறந்துபோனார். இந்த இயக்கத்தைப் பற்றிப் பேசும்போது அவருடைய பெயரை விட்டுவிடலாகாது.

இந்த ஏடுகளின் பெரும்பகுதி வியட்நாமைப் பற்றியதன்று என்பது என் கருத்தில் மிக முக்கியமானது. காரணமின்றி வதைக்கும் சார்ஜெண்ட், அர்த்தமற்ற தண்டனை வேலை, ராணுவக் காவற்கூடத்தில் விழும் அடி, மருத்துவரைப் பார்க்க விடாத அதிகாரி என்று அன்றாடக் குறைகள்தாம் பக்கங்களை நிறைத்தன. அந்தக் குறைகளில் தொடங்கி, நம்மை இப்படி நடத்துகிறவர்கள் நம்மை எதற்காகச் சாகச் சொல்கிறார்கள் என்ற கேள்விக்கு வாசகன் தானாகவே வந்து சேர்ந்தான். 1967 டிசம்பரில் ஆண்டி ஸ்டாப் தொடங்கிய அமெரிக்கப் படைவீரர் சங்கமும் இதே வழியில்தான் சென்றது. சட்டவிரோத ஆணையை மறுக்கும் உரிமையோடு, குறைந்தபட்சக் கூலியும் அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் அதன் கோரிக்கைகளில் இருந்தன.

காவற்கூடத்தின் கொடுமை எப்படிப் போர் எதிர்ப்பாக மாறியது என்பதற்கு சான் பிரான்சிஸ்கோவின் பிரசிடியோ நிகழ்ச்சியே சான்று. 1968 அக்டோபர் 11ஆம் நாள், மனநலம் குன்றியிருந்த 19 வயதுக் கைதி ஒருவன் வெளிவேலையின்போது காவலை விட்டு விலகி நடந்தான். காவலர் அவனைத் துப்பாக்கியால் சுட்டுக் கொன்றார். மூன்றாம் நாள் காலை அணிவகுப்பில் 27 கைதிகள் வரிசையிலிருந்து விலகிப் புல்தரையில் வட்டமாக உட்கார்ந்து கைகோத்துப் பாடத் தொடங்கினார்கள். காவற்கூடத்தின் தலைமை அதிகாரி வந்து கலகம் குறித்த சட்டப்பிரிவை உரக்க வாசித்தார். அவர் வாசிப்பது தங்கள் காதில் விழாதபடி அவர்கள் மேலும் உரக்கப் பாடினார்கள். பிறகு அவர்களில் ஒருவர் எழுந்து குறைகளின் பட்டியலைப் படித்தார். யாரும் கை ஓங்கவில்லை. அப்படியிருந்தும் கலகக் குற்றம் சாட்டி, முதலில் விசாரிக்கப்பட்ட மூவருக்கு 14, 15, 16 ஆண்டுகள் தண்டனை விதித்தார்கள். நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் அத்தண்டனைகள் பின்னர் பெருமளவு குறைக்கப்பட்டன.

பதில்: கரிசல்காடு

பொருநை அவர்கள் எழுதியதில் பெரும்பாலானவற்றை ஏற்கிறேன். ஆனால் காப்பிக்கடைகளுக்கு அவர் தரும் இடம் சற்றுக் கூடுதல் என்று நினைக்கிறேன். அவற்றைத் திறந்தவர்கள் பெரும்பாலும் படைக்கு வெளியிலிருந்து வந்த வெள்ளை இளைஞர்கள். கறுப்பினத்தவரின் உரிமை இயக்கத்திலும் மாணவர் இயக்கத்திலும் பழகியவர்கள். கறுப்பினச் சிப்பாய்கள் அங்கே அதிகம் போகவில்லை. அவர்களின் எதிர்ப்பு வேறு ஊற்றிலிருந்து வந்தது. அதற்கு அவர்கள் கொடுத்த விலையும் அதிகம்.

1967 ஜூலையில் கலிஃபோர்னியாவின் கேம்ப் பெண்டில்டன் முகாமில் ஜார்ஜ் டேனியல்ஸ், வில்லியம் ஹார்வி என்ற இரு கறுப்பின மரீன் வீரர்கள், நம்மவர்கள் இந்தப் போரில் சண்டையிடத்தான் வேண்டுமா என்று சக வீரர்களோடு விவாதித்தார்கள்; விதிமுறைப்படியே தங்கள் தலைமை அதிகாரியைச் சந்தித்துப் பேச அனுமதி கேட்டார்கள். எதையும் உடைக்கவில்லை, எந்த ஆணையையும் மீறவில்லை. பேசியதற்கு மட்டும் டேனியல்ஸுக்கு 10 ஆண்டுகளும் ஹார்விக்கு 6 ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. ஊர்வலத்தில் பதாகை பிடித்த வெள்ளை அதிகாரி ஹோவுக்கு விதிக்கப்பட்டது 2 ஆண்டு, அதுவும் பிறகு ஓராண்டாகக் குறைக்கப்பட்டது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

1968 ஆகஸ்ட் மாதம் சிகாகோவில் ஜனநாயகக் கட்சி மாநாடு நடக்கவிருந்தபோது, அங்கே எழக்கூடிய போராட்டங்களை அடக்குவதற்காக ஃபோர்ட் ஹூட்டிலிருந்து துருப்புகளை அனுப்பத் திட்டமிட்டார்கள். அந்தத் துருப்புகளில் வியட்நாமிலிருந்து திரும்பிய கறுப்பின வீரர்கள் பலர் இருந்தார்கள். சொந்த நாட்டின் நகரத்தில், தம் மக்களுக்கு எதிராகவே துப்பாக்கி ஏந்த நேரலாம் என்பதை உணர்ந்து, ஆகஸ்ட் 23ஆம் நாள் இரவு நூற்றுக்கும் மேற்பட்டோர் முகாமுக்குள் திறந்த வெளியில் கூடி விடியும்வரை விவாதித்தார்கள். தளபதியே வந்து பேசிப் பார்த்தார். காலையில் கலையாமல் எஞ்சியிருந்த 43 பேர் கைதுசெய்யப்பட்டார்கள். இவர்களுக்குக் காப்பிக்கடையோ துண்டறிக்கையோ தேவைப்படவில்லை.

ஃபோர்ட் ஜாக்சனிலும் இப்படித்தான். 1969இல் ஜோ மைல்ஸ் என்ற கறுப்பினச் சிப்பாய் தன் படைக்கொட்டகையில் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் உரைகள் பதிவான ஒலிநாடாவைச் சில நண்பர்களுக்குப் போட்டுக் காட்டினார். அந்தச் சிறு வட்டம் வளர்ந்து, போர்ட்டோ ரிக்கோ வீரர்களும் வெள்ளை வீரர்களும் சேர்ந்த போர் எதிர்ப்புக் குழுவாயிற்று. மாலை நேரத்தில் கொட்டகைக்கு வெளியே நின்று பேசிய ஒரு கூட்டத்துக்காக எட்டுப் பேர்மீது குற்றம் சாட்டினார்கள். வழக்கறிஞர்களும் செய்தித்தாள்களும் விடாமல் கேள்வி எழுப்பியதால் அக்குற்றச்சாட்டுகளைக் கைவிட வேண்டியதாயிற்று.

கல்லூரியில் சேர்ந்து ஆள்சேர்ப்பைத் தள்ளிப்போட வசதியில்லாத உழைக்கும் குடும்பத்துப் பிள்ளைகள்தாம் வெள்ளையராயினும் கறுப்பராயினும் அந்தப் படையை நிரப்பியிருந்தார்கள். மாணவர்களைப் பார்த்துச் சிப்பாய்கள் எதிர்க்கக் கற்றுக்கொண்டார்கள் என்று சொல்லும் வரலாற்றை நான் ஏற்பதில்லை.

நூலகவாசி

இருவருக்கும் மிக்க நன்றி. பேசியதற்குப் பத்தாண்டு என்பதைப் படித்தபோது மனம் பதைத்தது. ஒரு துணைக்கேள்வி. கருத்துரிமையை அரசமைப்பிலேயே எழுதிவைத்திருக்கும் நாடு அது. சிப்பாய்க்கு அந்த உரிமை உண்டா, இல்லையா? நீதிமன்றங்கள் இதை எப்படிப் பார்த்தன?

பதில்: வழக்குமன்றம்

உண்டு, ஆனால் குடிமகனுக்கு உள்ள அளவுக்கு இல்லை என்பதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1974இல் அளித்த விடை. தோல் மருத்துவரான கேப்டன் ஹோவர்ட் லெவி, சிறப்புப் படையினருக்கு மருத்துவப் பயிற்சி அளிக்க மறுத்ததற்கும் போரை வெளிப்படையாகக் கண்டித்ததற்கும் 1967இல் 3 ஆண்டுத் தண்டனை பெற்றார். அதிகாரிக்குத் தகாத நடத்தை, படை ஒழுங்குக்குக் கேடு விளைவித்தல் ஆகிய குற்றப்பிரிவுகள் தெளிவற்றவை, எதையும் அவற்றுக்குள் அடக்கிவிடலாம் என்று அவர் தரப்பு வாதிட்டது. ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் நீதிமன்றம் அந்தப் பிரிவுகளைச் செல்லுமென்று நிலைநிறுத்தியது. படை என்பது தனியொரு சமூகம், அதன் தேவைகள் வேறு என்பதே தீர்ப்பின் அடிப்படை. இத்தீர்ப்பை நான் தவறென்றே கருதுகிறேன். தெளிவற்ற சட்டம் எப்போதும் அதிகாரம் உள்ளவன் பக்கமே சாயும்.

சீருடை குறித்த விதியும் இவ்வாறே பயன்பட்டது. கடற்படைச் செவிலியரான சூசன் ஷ்னால் 1968 அக்டோபரில் சிறு விமானமொன்றிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வட்டாரப் படைத்தளங்களின் மீது போர் எதிர்ப்பு ஊர்வலத்துக்கான துண்டறிக்கைகளைத் தூவினார். பின்னர் அந்த ஊர்வலத்திலேயே சீருடையோடு நடந்தார். அமெரிக்க விமானங்கள் வியட்நாமில் துண்டறிக்கை வீசலாம், தளபதி வெஸ்ட்மோர்லண்ட் சீருடையோடு நாடாளுமன்றத்தில் போரை ஆதரித்துப் பேசலாம் என்றால் நான் மட்டும் ஏன் கூடாது என்பது அவருடைய வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. 6 மாதக் கடுங்காவல் விதித்தது.

எல்லாத் தண்டனையும் நீதிமன்றம் வழியாகவே வந்துவிடவில்லை. ஃபோர்ட் ஹூட் ஏடான 'ஃபெட்டீக் பிரஸ்' ஆசிரியரைச் சட்டைப்பையில் இருந்த இம்மியளவு கஞ்சாவுக்காக 8 ஆண்டு சிறைக்கு அனுப்பினார்கள். நியூயார்க்கின் ஃபோர்ட் ஹாமில்டன் ராணுவ இசைக்குழுவின் கதை இன்னொன்று. அக்குழுவினர் பலர் போர் எதிர்ப்பு விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர்கள். 1970 ஜூலை 4ஆம் நாள் ஓர் ஊர்வலத்தில் அவர்கள் வாத்தியம் இசைத்தபடி அணிவகுத்தபோது, அவர்களின் மனைவியரும் மணமுடிக்கவிருந்த பெண்களும் போர் எதிர்ப்புப் பதாகைகளோடு கூடவே நடந்தார்கள். உடனே பழிவாங்கும் இடமாற்றங்கள் தொடங்கின. டேவிட் கார்ட்ரைட் என்பவரை, நாம் சொல்வதுபோல் தண்ணியில்லாக் காட்டுக்கே, டெக்சஸ் பாலைநிலத்தில் உள்ள ஃபோர்ட் பிளிஸ்ஸுக்கு அனுப்பினார்கள். அவர் வழக்குத் தொடுத்தார். மாவட்ட நீதிபதி ஜாக் வைன்ஸ்டைன் இந்த இடமாற்றம் கருத்துரிமையை ஒடுக்குவது என்று சொல்லி அவரைத் திரும்ப அழைக்க ஆணையிட்டார். மேல்முறையீட்டு நீதிமன்றமோ, இடமாற்றம் படையின் உள்விவகாரம் என்று அத்தீர்ப்பைப் புரட்டிவிட்டது.

இவற்றுக்கு நடுவே, 1969 செப்டம்பரில் பாதுகாப்புத் துறை ஓர் உத்தரவு வெளியிட்டது. அதன்படி தடைசெய்யப்பட்ட ஏட்டைச் சிப்பாய் ஒருவர் தனக்கென வைத்திருக்கலாம், ஆனால் முகாமுக்குள் விநியோகிக்க முன்அனுமதி வேண்டும். பணிநேரத்துக்கு வெளியே, சீருடையின்றி, அமெரிக்க மண்ணில் நடக்கும் ஊர்வலத்தில் கலந்துகொள்ளலாம். ஒரு பிரதி குற்றமில்லை, ஒரு கட்டு குற்றம் என்ற இந்தக் கோட்டை வைத்தே அன்றைய வழக்கறிஞர்கள் பலரைக் காப்பாற்றினார்கள்.

பதில்: கடலோடி

போரின் போக்கு மாறியதா என்ற கேள்விக்கு இதுவரை யாரும் விடை சொல்லவில்லை. போரை முடித்துவைத்தது சிப்பாய்களின் எதிர்ப்புதான் என்று சில எழுத்தாளர்கள் அறுதியிட்டுச் சொல்வதை நான் ஏற்கத் தயங்குகிறேன். வியட்நாமியர் விட்டுக்கொடுக்காமல் போரிட்டார்கள், அளவிட முடியாத உயிர்களை இழந்தார்கள். அதை இரண்டாம் இடத்துக்குத் தள்ளிவிட்டு அமெரிக்கரை மட்டும் கதையின் நடுவே நிறுத்துவது நியாயமாகாது. ஆனால் 1971 வாக்கில் தரைப்படையை நம்பிப் போர் நடத்த முடியாது என்ற நிலை வந்துவிட்டது என்பது உண்மை.

தரைப்படையில் ஆயிரம் பேருக்கு 1966இல் 14.9 பேர் படையை விட்டு ஓடினார்கள் என்றால் 1971இல் அது 73.5 ஆக உயர்ந்திருந்தது. அதே காலத்தில் தரைப்படையே நடத்துவித்த ஆய்வொன்றில், கீழ்நிலைச் சிப்பாய்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஏதோ ஒரு வகை எதிர்ப்பில் ஈடுபட்டிருந்தது தெரியவந்தது. 1971 அக்டோபரில், கம்போடிய எல்லையருகே பேஸ் என்ற பீரங்கித் தளத்தில் ஆறு பேர் இரவு ரோந்துக்குப் போக மறுத்தார்கள். அவர்களைத் தண்டிக்கக் கூடாதென்று 'கம்பெனி' எனப்படும் அதே படைப்பிரிவின் 65 பேர் செனட்டர் எட்வர்ட் கென்னடிக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். ஓய்வுபெற்ற மரீன் கர்னல் ராபர்ட் ஹைனல், போரை ஆதரித்தவர். அவரே 1971 ஜூனில் ஒரு ராணுவ இதழில், அமெரிக்கப் படை உடைந்து விழும் நிலையில் இருக்கிறது என்று எழுதினார். எதிரணியில் இருந்தவரின் வாக்குமூலம் என்பதால் இதற்கு எடை அதிகம்.

தரைப்படையைக் குறைத்து வான்தாக்குதலை நம்பியபோது எதிர்ப்பு கப்பல்களுக்கு நகர்ந்தது. 1971இல் கோரல் சீ என்ற விமானந்தாங்கிக் கப்பலில், அது வியட்நாமுக்குப் புறப்படக் கூடாது என்ற விண்ணப்பத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் கையெழுத்திட்டார்கள். கப்பலில் இருந்தவர்கள் ஏறத்தாழ 4,500 பேர். அந்த ஆண்டே சான் டியேகோவில் கான்ஸ்டலேஷன் கப்பலைச் சேர்ந்த ஒன்பது பேர் கப்பலேற மறுத்துத் தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். 1972 டிசம்பரில் பி-52 குண்டுவீச்சு விமானத்தின் விமானியான கேப்டன் மைக்கேல் ஹெக், வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்மீது குண்டுவீச்சு நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, இனிப் பறக்க மாட்டேன் என்று மறுத்தார்.

அதிகாரிகளின் கூடாரத்தில் கையெறிகுண்டு வீசியதையும், 1972இல் ரேஞ்சர் கப்பலின் இயந்திரத்தைப் பழுதாக்கியதையும் இந்த இயக்கத்தின் சாதனைகளாகச் சிலர் எழுதுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. வெறுப்பும் களைப்பும் போதையும் கலந்த வன்செயல்களை, தன் பெயரை எழுதிக் கையெழுத்திட்டவனின் செயலோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது. படை சிதைந்துகொண்டிருந்தது என்பதற்கு அவை அறிகுறி, அவ்வளவே.

பதில்: பொருநை

கறுப்பின வீரர்களைப் பற்றிக் கரிசல்காடு எழுதியதற்கு நன்றி; 43 பேரின் நிகழ்ச்சியை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பிற்காலத்தைப் பற்றி ஒரு செய்தியைச் சேர்க்கிறேன். 1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. 1978இல் படைவீரர் சங்கம் அமைப்பதையே சட்டம் தடைசெய்தது. ஆனாலும் ஒரு சிப்பாய் தன் நாடாளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் உரிமையை யாரும் பறிக்க முடியாது. 1988ஆம் ஆண்டுச் சட்டம் அதற்குப் பாதுகாப்பும் அளித்தது. கடற்படையைச் சேர்ந்த ஜானதன் ஹட்டோ 2006இல் அந்த வழியைத்தான் பிடித்தார். ஈராக்கிலிருந்து படைகளைத் திரும்ப அழைக்குமாறு கேட்கும் மூன்று வாக்கிய விண்ணப்பத்தில் பணியிலிருந்த வீரர்கள் கையெழுத்திட்டார்கள். 2007 ஜனவரியில் அது ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு நாடாளுமன்றத்தில் ஒப்படைக்கப்பட்டது.